சாப்பாட்டு ஹாலுக்குள் போகாத நர்ஸ்

நர்ஸ் வேலைக்குப் புதிதாக வந்திருக்கிற உங்களுக்கு மனநல வார்டில் போஸ்டிங் என்றதும் வீட்டில் என்ன சொல்லியிருப்பார்கள் என்று எனக்குத் தெரியும். எங்கள் வீட்டிலும் அதையேதான் சொன்னார்கள். நாங்கள் புதுச்சேரியில் பாகூர் பக்கம் நெல் போட்டுப் பிழைத்த குடும்பம். எனக்கு நர்ஸ் வேலை கிடைத்ததில் தெருவுக்கே சந்தோஷம். எந்த வார்டு என்று தெரிந்ததும் அம்மா மட்டும் சில நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை. அடித்துவிட்டால் என்ன செய்வாய் என்பதுதான் அவள் திரும்பத் திரும்பக் கேட்டது. அடிக்க மாட்டார்கள் என்று நான் சொன்னேன். பெரும்பாலும் அது உண்மைதான். நம்மிடம் வந்து சேருகிறவர்களில் அநேகம் பேர் நம்மைப் பார்த்துப் பயப்படுகிறவர்கள். நான் ரிடையர் ஆகி வீட்டில் உட்கார்ந்திருக்கும் இப்போது யோசித்துப் பார்த்தால், அந்த வார்டில் சிரித்த அளவுக்கு நான் வேறெங்கும் சிரித்ததில்லை.

அந்தச் சிரிப்பில் ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரு மழைக்காலத்தில், தெருவில் அலைந்துகொண்டிருந்த வயதான அம்மா ஒருத்தரைப் போலீஸ்காரர்கள் கொண்டுவந்து எங்களிடம் விட்டார்கள். உடம்பெல்லாம் சொறி. குளிப்பாட்டி, முடி வெட்டி, மருந்து தடவி அவரை ஒருவழியாகத் தேற்றினோம். அவர் தேறிவிட்டார், சொறி எங்களிடம் தங்கிவிட்டது. ஆனால் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. எனக்கு மட்டும்தான் வந்திருக்கிறது, நான்தான் சரியாகக் கை கழுவவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு லோஷன் தடவினேன். ஒரு நாள் காலையில் டியூட்டி ரூமில் எல்லோரும் கூடியிருந்தபோது, நாங்கள் பிரதர் என்று கூப்பிடும் ஆண் நர்ஸ் மூக்கை உறிஞ்சிப் பார்த்துவிட்டு, "இந்த லோஷன் வாசனை என் மேலதான் வருதுன்னு நெனச்சிகினு இருந்தேன். ரூம் முழுக்க இல்ல வருது" என்றார். வார்டைப் பார்த்துக்கொள்கிற இன்சார்ஜ் சிஸ்டர் தன் முழங்கையைச் சொறிந்தார். அவ்வளவுதான். அத்தனை பேரும் சிரித்து, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

சொறியைக்கூட ஒருவருக்கொருவர் மறைத்த கூட்டம் நாங்கள். மற்றதை எவ்வளவு மறைத்திருப்போம் என்று பார்த்துக்கொள்ளுங்கள். நான் மறைத்த ஒன்றைப் பற்றித்தான் இப்போது சொல்லப் போகிறேன்.

அதற்கு முன்னால் ஆட்களைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் பிரதர் சொல்தா குடும்பம். தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். அண்ணன் தம்பிகள் எல்லோரும் பிரான்சுக்குப் போய்விட்டார்கள், இவர் மட்டும் போகவில்லை. ஏன் என்று கேட்டால், அங்கே குளிர் என்பார். யாராவது ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தாலும் மெர்சி என்று பிரெஞ்சில் நன்றி சொல்லித்தான் வாங்குவார், நோயாளி கொடுத்தாலும். இன்சார்ஜ் சிஸ்டர் உயரம் குறைவு, குரலும் சன்னம். கோபம் வந்தால் அந்தக் குரல் இன்னும் சன்னமாகிவிடும். அப்போது நாங்கள் எல்லோரும் நேராக நிற்போம். இரண்டு பேருக்கும் தங்கள் பெயரை எழுத்தில் பார்ப்பது பிடிக்காது, அதனால் பெயர் வேண்டாம்.

அடுத்தவள் அஞ்சலை. அது அவளுடைய உண்மைப் பெயர் இல்லை. கடற்கரைக் குப்பத்துக்காரி, மார்க்கெட்டில் மீன் விற்கிறவள். மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுகிற காலத்தில் அவளைப் போல ஒரு கெட்டிக்காரியைப் பார்க்க முடியாது. நிறுத்திவிட்டால் தூக்கம் போய்விடும், பேச்சு பெருகும், யாரோ பின்னால் வருகிறார்கள் என்று சொல்ல ஆரம்பிப்பாள், அண்ணன் எங்களிடம் கொண்டுவந்து சேர்ப்பார். இரண்டு மூன்று தடவை அப்படி வந்து போனவள் என்பதால் எல்லோரோடும் பழக்கம். என்னோடு கூடுதலாக. நான் சங்கரா மீனுக்கு என்ன விலை கொடுத்தேன் என்று சொன்னால் தலையில் அடித்துக்கொள்வாள். இவ்வளவு படித்தும் ஏமாறுகிறாயே என்று வருத்தப்படுவாள்.

அவள் வார்டில் சேர்ந்திருந்தபோது ஒரு மத்தியானம். சாப்பாட்டு ஹாலில் நான் சாம்பார் ஊற்றிக்கொண்டிருந்தேன். எதிர் வரிசையில் யாரோ கை தவறி எவர்சில்வர் தட்டைக் கீழே போட்டார்கள். அந்தச் சத்தத்தில் அஞ்சலை எழுந்து திரும்பினாள். பக்கத்தில் நின்றவள் நான். என் கொண்டையைப் பிடித்துப் பின்பக்கமாக ஒரே இழு. மேஜை விளிம்பில் கழுத்து மோதித் தரையில் விழுந்தேன். அவள் விடவில்லை. அவள் கண்ணைப் பார்த்தேன், அதில் நான் இல்லை. வேறு யாரையோ பிடித்து வைத்திருந்தாள்.

பிரதர் ஓடி வந்தார். அவளை அடிக்கவில்லை, கத்தவும் இல்லை. என்னிடம்தான் பேசினார். "கலா, இழுக்காத. அவ கைமேல உன் கைய வச்சித் தலையோட சேத்து அழுத்து" என்றார். அழுத்தினேன். வலி பாதியாகக் குறைந்தது. அதற்குள் அவர் அஞ்சலையிடம் வேறு என்னவோ பேசிக்கொண்டே அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டார். நீங்கள் இதையெல்லாம் இப்போது பயிற்சியில் கற்றுக்கொள்கிறீர்கள். நான் அன்று அந்தத் தரையில் கிடந்து கற்றுக்கொண்டேன்.

கழுத்தில் பட்டை போட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள். மறுநாள் நிர்வாகத்திலிருந்து ஒருவர் வார்டுக்கு விசாரிக்க வந்திருக்கிறார். அந்த நர்ஸ் என்ன சொன்னாள், நோயாளி ஏன் அடித்தாள் என்று கேட்டாராம். இன்சார்ஜ் சிஸ்டர் தன் சன்னக் குரலில், "காய்ச்சல்காரன் வாந்தி எடுத்தா, நர்ஸ் அவன்கிட்ட இன்னா சொன்னாங்கன்னு கேப்பீங்களா சார்?" என்று திருப்பிக் கேட்டிருக்கிறார். பிரதர்தான் போனில் இதைச் சொன்னார். கழுத்தை அசைக்க முடியாமல் படுத்திருந்த நான் தலையணையை நனைத்துவிட்டேன். அதுவரை எனக்கும் அந்தக் கேள்வி உள்ளே ஓடிக்கொண்டுதான் இருந்தது. நான் என்ன செய்தேன், எங்கே பிசகினேன் என்று. நம்மை யாராவது அடித்தால் நாம் முதலில் நம்மைத்தான் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறோம். நீங்கள் ஏறாதீர்கள். யாராவது உங்களை ஏற்ற வந்தாலும் ஏறாதீர்கள்.

லீவு முடிந்து வேலைக்குப் போனேன். கழுத்து நன்றாகத் தேறியிருந்தது. எல்லோரும் சுற்றி நின்று கேலி செய்தார்கள், நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன். அஞ்சலை அதற்குள் தேறி வீட்டுக்குப் போயிருந்தாள். எல்லாம் பழையபடி ஆகிவிட்டது என்று நினைத்தேன். மத்தியானம் சாப்பாட்டு வண்டி வந்தது. தட்டுகளை அடுக்குகிற சத்தம் கேட்டதுமே என் உள்ளங்கை ஈரமாகிவிட்டது. ஹால் வாசல் வரைக்கும் போனேன். கால் அதற்குமேல் போகவில்லை. மருந்து எடுத்து வைக்க வேண்டும் என்று யாரிடமோ சொல்லிவிட்டுத் திரும்பி வந்துவிட்டேன்.

அன்று சொன்ன சாக்கு அப்படியே பழகிப் போயிற்று. சாப்பாட்டு நேரத்தில் எனக்கு ஊசி போடுகிற வேலை இருக்கும், அட்மிஷன் வேலை இருக்கும், ஸ்டோரில் எதையாவது எண்ணுகிற வேலை இருக்கும். மற்ற நேரமெல்லாம் நான் பழைய கலாதான். கத்துகிறவர்களிடம் பேசி உட்காரவைப்பேன், அழுகிறவர்கள் பக்கத்தில் உட்காருவேன். ஹாலுக்குள் மட்டும் போக மாட்டேன். மாதக்கணக்கில் இப்படி ஓடியது. ஒருவருக்கும் தெரியவில்லை, நான் கெட்டிக்காரத்தனமாக மறைத்துவிட்டேன் என்றுதான் நினைத்திருந்தேன். சாப்பாட்டு நேரத்தில் ஒவ்வொரு நாளும் பிரதர் ஏன் எனக்கு முன்னாலேயே எழுந்து ஹாலுக்குப் போகிறார் என்று யோசிக்க எனக்குத் தோன்றவில்லை.

வீட்டில் மறைக்க முடியவில்லை. என் வீட்டுக்காரருக்குச் சேதராப்பட்டில் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை. ஒரு நாள் சமையலறையில் நான் நிற்கும்போது பின்னால் வந்து தண்ணீர் எடுக்கக் கையை நீட்டினார். நான் அலறிக்கொண்டு அவரைத் தள்ளிவிட்டேன். சொம்பு உருண்டது. அடுத்த நாளிலிருந்து அவர் வீட்டுக்குள் எங்கே வந்தாலும், "கலா, நான்தான் வரேன்" என்று சொல்லிக்கொண்டே வந்தார். சொந்த வீட்டில் ஒரு மனுஷன் அப்படிச் சொல்லிக்கொண்டு நடப்பதைக் கேட்க எனக்குச் சங்கடமாக இருக்கும். வேண்டாம் என்று சொன்னால், அப்படியே பழகிவிட்டது என்பார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மனசு மாறட்டும் என்று நோணாங்குப்பம் படகுத்துறைக்கு அழைத்துப் போனார். டிக்கெட் வரிசையில் என் பின்னால் கூட்டம் சேர்ந்ததும் மூச்சு முட்டியது. படகு ஏறாமலே திரும்பினோம். வண்டியை ஓட்டிக்கொண்டே, யாராவது டாக்டரைப் பார்க்கலாமே என்று மெதுவாகச் சொன்னார். மனநல வார்டு நர்ஸிடம் அதைச் சொல்கிறாரே என்று எனக்குக் கோபம் வந்தது.

பிரதரின் மகளுக்குச் சர்ச்சில் முதல் நற்கருணை வாங்கும் புதுநன்மை வந்தது. அவர் லீவு போட்டார். போவதற்கு முந்தின நாள் என்னிடம் வந்து, மத்தியான சாப்பாட்டுக்கு இன்னொரு சிஸ்டரிடம் சொல்லி வைத்திருப்பதாகவும் நான் கவலைப்பட வேண்டாம் என்றும் சொல்லிவிட்டு, வேறு பேச்சுப் பேசாமல் போய்விட்டார். அப்போதுதான் புரிந்தது, இத்தனை மாதமும் அவருக்குத் தெரியும். ஒருவேளை எல்லோருக்குமே தெரியும்.

மறுநாள் அந்த இன்னொரு சிஸ்டர், ஒரு நோயாளியை ஸ்கேனுக்கு அழைத்துக்கொண்டு போக வேண்டியதாகிவிட்டது. சாப்பாட்டு நேரம் வந்தது. ஹாலிலிருந்து கூச்சல் கேட்டது. ஓடினேன். வாசலில் நின்று பார்த்தால், புதிதாகச் சேர்ந்திருந்த ஒரு காலேஜ் பெண் மூலையில் சுவரோடு ஒட்டிக்கொண்டு நிற்கிறாள். சோற்றில் விஷம் கலந்திருக்கிறார்கள் என்று அவள் காதில் யாரோ சொல்கிறார்களாம். தட்டைத் தலைக்குமேல் ஓங்கிப் பிடித்திருக்கிறாள். அட்டெண்டர் அம்மா அவள் கையிலிருந்து தட்டைப் பிடுங்குவதற்காக ஒவ்வொரு அடியாக எடுத்துவைத்துக்கொண்டிருக்கிறார். இன்னும் இரண்டடி போனால் தட்டு அவர் மண்டையில்தான் இறங்கும்.

அம்மா, கிட்டப் போகாதீங்க, மற்றவங்களை வெளியே கூட்டிக்கொண்டு போங்க என்று வாசலிலிருந்தே சொல்லிவிட்டேன். அது தானாக வந்தது. அவர் நின்றார், மற்றவர்களை அழைத்துக்கொண்டு அடுத்த வாசல் வழியாக வெளியேறினார். அடுத்தது நான் உள்ளே போக வேண்டும். கூச்சல் கேட்டு வாசலில் கூடியவர்கள் எல்லோரும் என்னைத்தான் பார்க்கிறார்கள். அந்தப் பெண்ணைப் பேசி அமைதிப்படுத்த அந்த நிமிஷம் அங்கே என்னைவிட்டால் ஆளில்லை. என் கால் நகரவில்லை.

அந்தக் கொஞ்ச நேரத்தில் என்னென்ன யோசித்தேன் என்று உங்களிடம் சொல்ல வேண்டும். பல்லைக் கடித்துக்கொண்டு போய்விடலாம் என்று ஒரு எண்ணம். ஆனால் பயத்தோடு போகிறவள் என்ன செய்வாள் என்று எனக்குத் தெரியும். குரல் கடுக்கும், கை முந்தும், சீக்கிரம் முடிந்தால் போதும் என்று அந்தப் பெண்ணைப் பிடித்து அமுக்கப் பார்ப்பாள். அவளுக்கும் அடிபடும், எனக்கும் அடிபடும். ஓடிப்போய்விடலாம் என்று இன்னொரு எண்ணம். அதற்குள் இன்சார்ஜ் சிஸ்டர் என் பக்கத்தில் வந்து நின்றுவிட்டார். நான் அவரைப் பார்க்காமல் சொன்னேன்.

"சிஸ்டர், என்னால உள்ள போவ முடியல. பயமா இருக்கு."

எத்தனை பேர் காதில் விழுந்ததோ தெரியாது. டாக்டர் ஒருவரும் அங்கே நின்றிருந்தார். இன்சார்ஜ் சிஸ்டர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. எத்தனை படுக்கை காலியாக இருக்கிறது என்று சொன்னால் கேட்டுக்கொள்வது போலக் கேட்டுக்கொண்டார்.

"சரி. நீ இங்கயே நில்லு. இங்கேர்ந்தே பேசு. உள்ள நான் போறேன்" என்றார்.

நான் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு பேசினேன். நீ சாப்பிட வேண்டாம் என்று அவளிடம் சொன்னேன். யாரும் உன்னைச் சாப்பிடச் சொல்ல மாட்டோம், தட்டைக் கீழே வைத்தால் போதும் என்றேன். அவள் என்னைப் பார்த்தாள். நான் தூரத்தில் இருந்தேன், கையை நீட்டவில்லை, அதுவே அவளுக்கு ஒரு ஆறுதலாக இருந்ததோ என்னவோ. முந்தின நாள் அவள் என்னிடம் சொன்ன அண்ணனைப் பற்றி, காலேஜ் பஸ்ஸைப் பற்றி ஏதேதோ பேசினேன். இன்சார்ஜ் சிஸ்டர் நேராகப் போகாமல் பக்கவாட்டில், அங்கே ஏதோ துடைக்கப் போகிறவர் மாதிரி போய், எட்டாத தூரத்தில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தார். ஓங்கிய கை மெல்ல இறங்கியது. தட்டு அவள் விரலிலிருந்து நழுவித் தரையில் விழுந்து சுழன்றது. அவள் அழ ஆரம்பித்தாள். இன்சார்ஜ் சிஸ்டர், பக்கத்தில் வரலாமா என்று அவளைக் கேட்டுவிட்டுத்தான் எழுந்தார்.

தட்டு விழுந்த சத்தம் கேட்டதும் நான் வாஷ்பேசினில் போய் வாந்தி எடுத்தேன். கொஞ்ச நேரத்தில் யாரோ என் நெற்றியைப் பிடித்துக்கொண்டார்கள். இன்சார்ஜ் சிஸ்டர். பின்னால் வருவதற்கு முன்னால், "கலா, நான் வரேன்" என்று அவரும் சொல்லிவிட்டுத்தான் வந்தார். என் வீட்டுக்காரர் அவரிடம் போனில் பேசியிருந்தார் என்பது பிறகுதான் தெரிந்தது.

அன்று சாயங்காலம் இன்சார்ஜ் சிஸ்டர் யாரையும் உடனே வீட்டுக்குப் போகவிடவில்லை. டீ வரவழைத்து எல்லோரையும் உட்காரவைத்தார். அட்டெண்டர் அம்மாவும் உட்கார்ந்தார். நடந்ததைப் பற்றி ஒவ்வொருவரும் பேசினோம். வாசலில் நின்ற டாக்டர், தனக்கும் ஒரு வார்டில் அடிபட்ட கதையைச் சொன்னார். அதற்குப் பிறகு எங்கள் வார்டில் ஏதாவது நடந்தால் அன்றைக்கே உட்கார்ந்து பேசிவிட்டுத்தான் போவோம் என்பது வழக்கமாயிற்று. ஹாலில் மேஜைகளையும் திருப்பிப் போட்டோம், பரிமாறுகிறவர் முதுகுக்குப் பின்னால் எப்போதும் வாசல் இருக்கிற மாதிரி.

என்னை டாக்டரிடம் காட்டச் சொன்னார்கள். கொஞ்ச காலம் ஓ.பி.யில் வேலை கொடுத்தார்கள். பிறகு வார்டுக்குத் திரும்பினேன். முதலில் வாசலில் நின்று பிரதர் பரிமாறுவதைப் பார்த்தேன், அப்புறம் தண்ணீர் ஜக்கோடு உள்ளே போனேன், ஒரு நாள் பார்த்தால் சாம்பார் கரண்டி என் கையில் இருந்தது. பிரதர் மெர்சி என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். ரிடையர் ஆகும்வரை அந்த வார்டில்தான் இருந்தேன். மழைக்காலத்தில் கழுத்து இன்னும் பிடித்துக்கொள்ளும்.

ஆனால் டாக்டரிடம் போன நாளைப் பற்றி நான் இன்னும் சொல்லவில்லை.

எங்கள் ஆஸ்பத்திரி ஓ.பி.யில் நோயாளியாக உட்கார எனக்கு வெட்கம். அதனால் கதிர்காமம் பக்கம் வேறொரு ஆஸ்பத்திரிக்குப் போனேன். முகத்தில் மாஸ்க், துப்பட்டாவைத் தலையில் இழுத்துவிட்டிருந்தேன். மனநலப் பிரிவுக்கு வெளியே நீள பெஞ்சில் ஓரமாக உட்கார்ந்தேன். பக்கத்தில் இருந்தவள் திரும்பிப் பார்த்தாள், கண்ணை வைத்தே என்னை அடையாளம் கண்டுகொண்டாள். அஞ்சலை.

தங்கச்சி வீடு அங்கே பக்கம் என்பதால் மாத்திரை வாங்க அங்கே வருகிறாளாம். எனக்கு மூச்சு முட்டியது, கையால் கழுத்தைப் பொத்திக்கொண்டேன். அவள் அதைப் பார்த்துவிட்டாள். நகர்ந்து உட்கார்ந்து, தன் துணிப்பையை எடுத்து எங்கள் இருவருக்கும் நடுவில் வைத்தாள். இரண்டு கையையும் மடியில், எனக்குத் தெரிகிற மாதிரி விரித்து வைத்துக்கொண்டாள். என்னைப் பார்க்காமல் நேராகச் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். என் மூச்சு சீராகும்வரை அப்படியே இருந்தாள்.

"எனக்கு எல்லாம் நெனவு இருக்குது சிஸ்டரம்மா" என்றாள் பிறகு. "வார்டுக்கு வந்து பாக்கணும்னு நெனப்பேன். ஆஸ்பத்திரி கேட்டு வரைக்கும் வந்துட்டு, பயந்துகினு திரும்பிடுவேன்."

வந்திருக்கலாமே என்று சொன்னேன். நானும் அந்த ஹால் வாசல் வரைக்கும் போய்த் திரும்பிக்கொண்டிருந்தேன் என்று சொன்னேன். சொல்ல ஆரம்பித்தவள் நிறுத்தவில்லை. தட்டுச் சத்தம், படகு ஏறாமல் வந்தது, சொந்த வீட்டுக்காரரைத் தள்ளிவிட்டது, எல்லாவற்றையும் சொன்னேன். என் வீட்டில் சொல்லாதது, வார்டில் சொல்லாதது எல்லாம் அந்த பெஞ்சில் அவளிடம் வந்துவிட்டது. அவள் அழவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை, கேட்டிருந்தால் நான் நிறுத்தியிருப்பேன். மார்க்கெட்டில் கடன் சொல்ல வருகிறவர்களின் கதையைக் கேட்பது போலத் தலையைச் சாய்த்து முழுசாகக் கேட்டாள்.

அப்புறம், மாத்திரை கொடுத்தால் முதல் கொஞ்ச நாள் வாய் காயும், தண்ணீர் பாட்டில் கூடவே வைத்துக்கொள்ளுங்கள், நன்றாகிவிட்டது என்று நீங்களாக நிறுத்திவிடாதீர்கள் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தாள். உள்ளேயிருந்து அவள் பெயரைக் கூப்பிட்டார்கள். அவள் எழுந்தாள். போகாமல் நின்று என்னை முதல் தடவையாக நேராகப் பார்த்தாள்.

"ராத்திரில தூக்கம் வருதா சிஸ்டரம்மா?" என்று கேட்டாள்.

இத்தனை வருஷ வேலையில் தினமும் காலையில் ஒவ்வொரு படுக்கையாகப் போய் நான் கேட்ட கேள்வி அது. என்னை ஒருவரும் கேட்டதில்லை.

"வரல அஞ்சல" என்றேன்.

"சொல்லுங்க, டாக்டர்கிட்ட மொதல்ல அதச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு, தன் முறைக்கு என்னை உள்ளே அனுப்பினாள்.